டிரிப் ஷீட்ல 7 மணி நேரம் தூங்குனதா எழுதியிருக்கு, ஃபாஸ்டேக்ல வண்டி ஓடியிருக்கு. டிரைவருக்கு ரெஸ்ட் கிடைக்கிறத எப்படி உறுதி பண்றது?

எட்டுவண்டி (நாமக்கல்)

எல்லாருக்கும் வணக்கங்க. அப்பா காலத்துல ரெண்டு வண்டியில ஆரம்பிச்சது, இப்ப எட்டு வண்டி ஓடுதுங்க, எல்லாம் பன்னெண்டு வீலு பதினாலு வீலு. லைன் பெரும்பாலும் மும்பை பக்கத்து பிவண்டி, புனே, எப்பவாச்சும் ஹைதராபாத். டிரைவருங்க பத்து பேர். கிளீனருன்னு இப்பல்லாம் யாரும் வர்றதில்லைங்க, ஒத்தை டிரைவர்தான்.

போன மாசம் பிவண்டியிலேர்ந்து ரிட்டர்ன் லோடு ஏத்திட்டு வந்த வண்டி தொப்பூர் கணவாய் எறக்கத்துக்கு கொஞ்சம் முன்னாடி மீடியன்ல ஏறி நின்னுருச்சு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு முன்ன. முன்னாடியும் பக்கத்துலயும் ஒரு வண்டியும் இல்லாததால யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. முன் ஆக்சில், டீசல் டேங்க், பம்பர் போச்சு, அது போகட்டும். இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி எறக்கத்துல அசந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு இன்னைக்கும் தூக்கம் வர்றதில்ல, அந்த எறக்கத்துல எத்தனை குடும்பம் போயிருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு வருசமா நம்ம டிரிப் ஷீட்ல டீசல், டோல், பேட்டா கூடவே எங்க நிறுத்துனீங்க, எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் தூங்குனீங்கன்னு ஒரு கட்டம் போட்டிருக்கேன். அந்த டிரிப்ல தும்கூர்ல ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 5 வரைக்கும் ரெஸ்டுன்னு எழுதியிருக்கார். ஃபாஸ்டேக் எடுத்துப் பாத்தா அத்திப்பள்ளி டோல் 1:40, கிருஷ்ணகிரி டோல் 3:05. அதாவது தும்கூர்ல தூங்குறதா எழுதுன நேரத்துல வண்டி நம்ம தொப்பூருக்கே வந்து மோதியிருக்கு! மோதுறதுக்கு முன்னாடியே ஷீட்டை எழுதி வச்சிருக்கார், அதைத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கப்புறம் ஒக்காந்து ஆறு மாச ஷீட்டை எல்லாம் ஃபாஸ்டேக்கோட ஒப்பிட்டுப் பாத்தேங்க. பத்துல எட்டு பேரோடது ஒத்துப் போகல. எல்லா ஷீட்டும் ஒரே பேனா, ஒரே உக்காருல எழுதுன எழுத்து, நேரமெல்லாம் 10:00, 2:00, 6:00ன்னு முழுசு முழுசா. இத்தனை நாளா வாங்கி ஃபைல்ல குத்தி வச்ச நான் ஒரு தடவை கூட ஒழுங்கா பாக்கலைங்கிறது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

அந்த டிரைவர் நம்மகிட்ட பதினோரு வருசம் இருக்கார், குடிக்க மாட்டார், டீசல்ல கை வைக்க மாட்டார். கேட்டா "நீங்க மூணாவது நாள் காலைல வண்டி நிக்கணும்னு சொன்னீங்கள்ல"ன்னு மட்டும் சொன்னார், வேற ஒரு வார்த்தை பேசல.

இப்ப கேள்வி இதுதாங்க. பொய் எழுதுறவங்களை வச்சுக்கிட்டு ரெஸ்ட் ரூலை எப்படி அமல்படுத்துறது? அபராதம் போடுறதா, கேமரா மாட்டுறதா, ராத்திரி வண்டியை லாக் பண்றதா? பெரிய கம்பெனிக்காரங்க, டிரைவருங்க, சட்டம் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.

---

கேபிஎஸ்_ஃப்ளீட்

பிரதர், நாங்க நாப்பது வண்டி ஓட்றோம், ஷீட்டை நம்புறதையே விட்டாச்சு. ஜிபிஎஸ், உள்ள ஒரு கேமரா வெளிய ஒரு கேமரா, கண்ணு மூடுனா பீப் அடிக்கும், ஆபீசுக்கு அலர்ட் வரும். ராத்திரி 12 டு 4 வண்டி ஓடுனா 1000 ரூபா கட். ரெண்டு தடவை ஷீட்ல பொய் எழுதுனா கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம். மொதல்ல நாலஞ்சு பேர் போனாங்க, இப்ப ஒழுங்கா இருக்காங்க. பாவம் பாத்தா ரோட்டுல போற எவனோ சாவான், அதுக்கு நாம பதில் சொல்லணும். பதினோரு வருசம் இருந்தாலும் சரி, இந்த ஒரு விஷயத்துல மட்டும் இரக்கமே காட்டாதீங்க.

---

பழைய டாரஸ்

தம்பி எட்டுவண்டி, நான் 27 வருசம் ஓட்டுனவன், இப்ப முதுகு போயி நாலு வருசமா வீட்ல இருக்கேன். அந்த டிரைவர் எழுதுன மாதிரி ஷீட்டு நானும் நூத்துக்கணக்குல எழுதியிருக்கேன், அதனால சொல்றேன்.

நாமக்கல்லேர்ந்து பிவண்டி ஏறக்குறைய 1250 கிலோமீட்டர். லோடு வண்டி மேடு பள்ளம், ஊருக்குள்ள நெரிசல், டோல் எல்லாம் சேத்து சராசரியா மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடுனா நல்ல ஓட்டம். ஸ்டியரிங் பிடிக்கிற நேரம் மட்டும் 31 மணி. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் ஓட்டணும்னா நாலு நாள் ஆகும். நீங்க கேக்குறது சாயந்திரம் கிளம்பி மூணாவது நாள் காலைல, அதாவது 36-லேர்ந்து 40 மணி நேரம். அதுல 31 மணி ஓட்டிட்டு சாப்பாடு, குளியல், டயர் பாக்குறது, தார்ப்பாய் கட்டுறது, ஆர்டிஓ காரன் நிறுத்துனா பேப்பர் காட்டுறது எல்லாம் போக தூங்க எவ்வளவு மிச்சம்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. அப்புறம் ஷீட்ல 7 மணி நேரம் ரெஸ்டுன்னு ஒரு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னா டிரைவர் என்ன எழுதுவான்? ஒண்ணு நேரத்துக்கு வரல, இல்லன்னா தூங்கல. ரெண்டுமே எழுத முடியாது, அதனால நீங்க கேட்டதை எழுதிக் குடுத்திருக்கான். அந்தப் பொய்யில பாதி உங்க ஆபீஸ்ல கிளம்பும்போதே எழுதியாச்சு தம்பி, கோவிச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, கேபிஎஸ் தம்பிக்கும் சேத்துச் சொல்றேன். ஜிபிஎஸ்ல வண்டி நின்ன நேரம் எல்லாம் டிரைவர் தூங்குன நேரம் கிடையாது. கம்பெனி கேட் வாசல்ல கியூவுல 14 மணி நேரம் நிக்கும் வண்டி. ஜிபிஎஸ்ல பாத்தா 14 மணி ஸ்டாப்பு, அடேங்கப்பா நல்லா ரெஸ்டு எடுத்திருக்கான்னு தோணும். அங்க என்ன நடக்கும்? இருவது நிமிசத்துக்கு ஒருக்கா முன்னாடி வண்டி நகரும், நாம நகத்தலைன்னா பின்னாடி வந்தவன் புகுந்துருவான். செக்யூரிட்டி வந்து கதவைத் தட்டுவான், டோக்கன் கேப்பான். மே மாச வெயில்ல தகரம் காஞ்சு கேபினுக்குள்ள ஒரு நிமிசம் படுக்க முடியாது, வண்டிக்கு அடியில துண்டை விரிச்சா கொசு. 2025-லேர்ந்து புதுசா செய்யிற லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம்னு ஆக்கியிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா இப்ப ரோட்டுல ஓடுற பழைய வண்டிக்கெல்லாம் அது இல்லையே. இப்படி 14 மணி நேரம் முழிச்சுக் கெடந்தவன் லோடு ஏத்துனதும் ராத்திரி எட்டு மணிக்கு கிளம்புவான், ஷீட்டுப்படி அப்பத்தான் தூங்கி எழுந்த ஃப்ரெஷ் டிரைவர். உங்க தொப்பூர் வண்டி பிவண்டியில லோடுக்கு எத்தனை நேரம் நின்னுச்சுன்னு பாத்தீங்களா?

ராத்திரி ரெண்டரைலேர்ந்து அஞ்சு வரைக்கும் உள்ள நேரம் எப்படிப்பட்டதுன்னு ஓட்டாதவங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டையே பாத்துட்டுப் போவோம், திடீர்னு பாத்தா ரெண்டு ஊரு தாண்டியிருக்கும், தாண்டுனது ஞாபகமே இருக்காது. கண்ணு தொறந்துதான் இருக்கும். ரோட்டோர மரம் நடந்து குறுக்க வர்ற மாதிரி தெரியும், பிரேக் அடிச்சு நிறுத்திப் பாத்தா ஒண்ணும் இருக்காது. நான் ஒரு தடவை சித்ரதுர்கா தாண்டி அப்படி நிறுத்தி எறங்கி, ரோட்டோரத்துல ஒக்காந்து அழுதிருக்கேன், அன்னைக்கு எம்பொண்ணுக்கு மூணு வயசு. டீ குடிக்கிறது, முகம் கழுவுறது, வாயில பாக்கு போடுறது எல்லாம் அரை மணி நேரத்துக்குத்தான். போலீஸ்காரங்க டோல்ல நிறுத்தி முகம் கழுவ வச்சு டீ குடுக்குறாங்களே, அந்த மனசு பெருசு, ஆனா அவன் தூக்கத்தை டீயால அடைக்க முடியாது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.

பீப் அடிக்கிற கேமரா கண்ணு மூடுன பின்னாடி அடிக்கும். அதுக்கு முன்னாடி அவனைத் தூங்க வைக்க என்ன பண்ணீங்கன்னுதான் கேக்குறேன். 1000 ரூபா கட் பண்றதா இருந்தா, பத்திரமா நிறுத்தித் தூங்கி லேட்டா வந்தவனுக்கு ஒரு 1000 ரூபா சேத்துக் குடுத்திருக்கீங்களா எப்பவாச்சும்?

---

கேபிஎஸ்_ஃப்ளீட்

அண்ணா, நீங்க சொல்றது எல்லாம் உண்மை, நான் மறுக்கல. ஆனா நான் ஒருத்தன் நாலு நாள்னு சொன்னா, சரக்கு அனுப்புற பார்ட்டி பக்கத்து ஆபீஸ்ல ரெண்டு நாள்னு சொல்றவனுக்கு லோடு குடுக்குறான். வண்டிக்கு டியூ மாசம் பொறந்தா கட்டணும். ரெண்டு டிரைவர் போட்டா வாடகையில அது தேறாது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

---

சேலம் வக்கீல்

தொழிலாளர் கேஸும் மோட்டார் விபத்து கேஸும் நடத்துறேன். சட்டம் என்னன்னு யாருக்குமே தெரியாம இருக்குறதுதான் இங்க பெரிய பிரச்னை, அதனால கொஞ்சம் எழுதுறேன்.

நம்ம நாட்டுல லாரி டிரைவருக்கு வேலை நேரம் இல்லைன்னு பல பேர் நெனச்சிட்டு இருக்காங்க. 1961-லயே மோட்டார் டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அஞ்சு பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யிற இடத்துக்கு அது பொருந்துச்சு, அதாவது எட்டுவண்டி, உங்களுக்கும். அதுப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூர ரூட்டுன்னா அனுமதி வாங்கி 10 மணி நேரம், வாரத்துக்கு 54 வரைக்கும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, நடுவுல குறைஞ்சது அரை மணி நேரம் இடைவெளி. ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல தொடர்ச்சியா 9 மணி நேரம் ஓய்வு. அந்தத் "தொடர்ச்சியா"ங்கிற வார்த்தையை கவனிங்க, பழைய டாரஸ் அண்ணன் சொன்ன கியூ நேரம் அதுல வரவே வராது. 2025 நவம்பர் 21-லேர்ந்து புது தொழிலாளர் கோடுகள் அமலுக்கு வந்து இந்தச் சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு, ஆனா 8 மணி நேரங்கிறது அதுலயும் அப்படியேதான் இருக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் 91-வது பிரிவும் இதையேதான் சொல்லுது. அதுல இன்னொரு வரி இருக்கு, நிர்ணயிச்ச நேரத்துக்கு வெளிய யாரும் வேலை செய்யக்கூடாது, வேலை செய்ய வைக்கவோ விடவோ கூடாது. "விடவோ"ங்கிறது ஓனரைக் குறிக்கிறது. டிரைவர் பொய் எழுதிட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம், ஏன்னா ஃபாஸ்டேக் மெசேஜ் வர்றது உங்க போனுக்கு. இப்ப நீங்க ஒப்பிட்டுப் பாத்துட்டீங்க, இனி தெரியாதுன்னே சொல்ல முடியாது. பயமுறுத்த சொல்லல, உங்களை மாதிரி ஒருத்தர் தானா பாத்துட்டு வந்து கேக்குறது அபூர்வம், அதான் முழுசா சொல்றேன்.

இன்னொரு வருத்தமான விஷயம். மாநிலம் தாண்டி ஓடுற நேஷனல் பெர்மிட் வண்டின்னா ரெண்டு டிரைவர் இருக்கணும், சீட்டுக்குப் பின்னாடி இன்னொரு டிரைவர் கால் நீட்டிப் படுக்க எடம் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 90-வது விதி சொல்லிட்டு இருந்துச்சு. 2018-ல அந்த ரெண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. ஜிபிஎஸ்ஸும் ஃபாஸ்டேக்கும் இருக்கட்டும்னு சொன்ன காலத்துலயே மனுசனைக் குறைச்சாங்க. நேரப் பதிவேட்டைக் கேட்டுப் பாக்க வேண்டிய லேபர் இன்ஸ்பெக்டருக்கு ரோட்டுல வண்டியை நிறுத்துற அதிகாரம் இல்ல, ரோட்டுல நிறுத்துற பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்சி, பெர்மிட், டேக்ஸ், ஓவர்லோடு பாப்பார், எத்தனை மணி நேரமா ஓட்டுறேன்னு கேக்க மாட்டார். நடுவுல இருக்குற அந்த இடைவெளியிலதான் இந்தப் பொய் ஷீட்டு எல்லாம் வாழுது.

---

பிரம்டன் பெடியன்

வணக்கம் அண்ணை. நான் கனடாவில, ஒன்ராறியோவில இருக்கிறன். ஒன்பது வருசம் ட்ரக் ஓடினன், இப்ப ஒரு கொம்பனியில டிரைவர்மாற்ற லொக், அதாவது ஓடின நேரம், ஓய்வு நேரம் எழுதுற பதிவு, அதைப் பாக்கிற வேலை. இஞ்ச எங்கட ஆக்கள் கனபேர் இந்தத் தொழிலில இருக்கினம். இஞ்ச இருக்கிற முறையைச் சொல்லுறன், அதில உங்களுக்கு எது பொருந்துமோ எடுங்கோ.

இஞ்ச ஒரு நாளில ஓடுறது 13 மணித்தியாலம், லோட் ஏத்தி இறக்கிற வேலையும் சேர்த்து 14. அதுக்குப் பிறகு தொடர்ந்து 8 மணித்தியாலம் ஓய்வு எடுக்காமல் வண்டியைத் தொடேலாது, ஒரு நாளில மொத்தமா 10 மணித்தியால ஓய்வு வேணும். ஏழு நாளில 70 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்யேலாது. முந்தி எல்லாம் பேப்பர் லொக்தான், அதைப் பொய்ப் புத்தகம் எண்டுதான் டிரைவர்மார் சொல்லுறவை, ரெண்டு புத்தகம் வச்சிருந்த ஆக்களையும் எனக்குத் தெரியும். பிறகு ஈஎல்டி எண்ட மெஷின் கட்டாயமாகி, 2023 ஜனவரியில இருந்து பிடிக்கத் தொடங்கிச்சினம். அது எஞ்சினோட இணைஞ்சிருக்கும், வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் தொட்டால் தானாவே "ஓட்டம்" எண்டு எழுதும். பொய் லொக் வச்சிருந்து பிடிபட்டால் 72 மணித்தியாலம் வண்டி ஓடேலாது, அந்த இடத்திலேயே நிக்க வேண்டியதுதான்.

அப்ப பொய் நிண்டிட்டுதோ எண்டு கேட்டால், இல்லை அண்ணை. இடம் மாறீட்டுது, அவ்வளவுதான். ஓடுற நேரத்தை மறைக்கேலாது, அதால நிக்கிற நேரத்தில பொய் வந்திட்டுது. லோட் ஏத்த மூண்டு மணித்தியாலம் டொக்கில நிண்டு வேலை செய்துபோட்டு அதை "ஓய்வு" எண்டு அமத்துறது, இதுதான் நான் கிழமைக்குக் கிழமை பாக்கிற பொய். ஏன் அப்பிடிச் செய்யினம்? மைல் கணக்கில சம்பளம், நிக்கிற நேரத்துக்குக் காசில்லை, ஆனா அந்த நேரத்தை "வேலை" எண்டு போட்டால் 14 மணித்தியாலம் கரைஞ்சு போகும், ஓடுற நேரம் குறையும், காசு குறையும். வேற விதமும் இருக்கு. வண்டியில இல்லாத ஒராளின்ர பேரில லொகின் பண்ணி ரெண்டாவது டிரைவர் ஓடுறமாதிரிக் காட்டுறது. சொந்தப் பாவனை எண்டு ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் விட்டிருக்கினம், அதை வேலைக்கு எடுக்கிறது. பிரம்டனிலயும் பழைய டாரஸ் ஐயா சொன்ன அதே கதைதான், வண்டி நிண்ட நேரம் நித்திரை கொண்ட நேரம் இல்லை.

நான் எப்பிடிப் பிடிக்கிறன் எண்டால், லொக்கை மட்டும் பாக்கிறேல்லை. டீசல் அடிச்ச ரசீது, டோல், தராசுச் சீட்டு, லோட் ஏத்தின இடத்தில உள்ள போன நேரமும் வெளிய வந்த நேரமும், இந்த நாலையும் பக்கத்தில வச்சுப் பாப்பன். உங்களிட்ட ஃபாஸ்டேக் இருக்கே, அது எங்களிட்ட இல்லாத வசதி. ஒவ்வொரு கிழமையும் ஒரு வண்டியை எடுத்து டிரைவரை முன்னால இருத்தி, கூடவே டிஸ்பாட்ச் செய்த ஆளையும் இருத்திப் பாருங்கோ. டிஸ்பாட்ச் ஆளை இருத்தாமல் டிரைவரை மட்டும் கூப்பிட்டால் அது விசாரணை, அவை இன்னும் வடிவாப் பொய் எழுதப் பழகுவினம்.

எங்கட பயிற்சியில காட்டுற ஒரு விஷயம். தொடர்ந்து 17 மணித்தியாலம் முழிச்சிருந்தவரின்ர கையும் மூளையும், 100 மில்லி ரத்தத்தில 50 மில்லிகிராம் மது இருக்கிறவரைப்போல வேலை செய்யுமாம். 24 மணித்தியாலம் எண்டால் அது ரெட்டிப்பு. இந்தியாவில குடிச்சிட்டு ஓடுறதுக்கு எல்லை 30 மில்லிகிராம். குடிக்காத மனுசன் எண்டு நீங்கள் சொல்லுற அந்த டிரைவர் அண்டைக்கு அந்த நிலையிலதான் தொப்பூருக்கு வந்திருப்பார், பாவம்.

---

கோவை லாஜிஸ்டிக்ஸ் பொண்ணு

நான் லோடு குடுக்குற பக்கம் இருக்கேன், ஒரு பம்ப் கம்பெனி டிஸ்பேட்ச்ல. எங்க தப்பையும் சொல்லணும்னு தோணுச்சு.

"மூணாவது நாள் காலைல"ன்னு நாங்க சொல்றோமே, அது பல நேரம் எங்க சேல்ஸ் டீம் கஸ்டமர்கிட்ட யோசிக்காம சொன்ன வார்த்தை. ஜிஎஸ்டில சரக்கோட போற ஈ-வே பில்லே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு தர்றாங்க, 1250 கிலோமீட்டருக்கு 7 நாள் வேலிடிட்டி இருக்கு. அரசாங்கம் 7 நாள் குடுக்குற எடத்துல நாங்க முழுசா ரெண்டு நாள் கூட குடுக்குறதில்ல. அவசரம்னு ஓடி வந்த வண்டி பிவண்டி குடோன்ல ஞாயித்துக்கிழமை முழுக்க அன்லோடுக்கு நின்னதை நானே பாத்திருக்கேன், அப்ப என்னத்துக்கு அந்த மனுசன் ராத்திரி பூரா முழிச்சு வந்தார்னு கேட்டா யாருகிட்டயும் பதில் இல்ல.

நாங்க ரெண்டு மாத்தம் பண்ணினோம். கேட்டுக்கு வண்டி வர ஸ்லாட் டைம் குடுத்தோம், கியூ 9 மணி நேரத்துலேர்ந்து 2 மணி நேரமா குறைஞ்சுது. கேட்டுல வந்த நேரம், வெளிய போன நேரம் ரெண்டும் எல்ஆர்லயே (லாரி ரசீது) சீல் அடிச்சுத் தர்றோம். எட்டுவண்டி அண்ணா, உங்க பார்ட்டிகிட்ட அந்த சீலை மட்டும் கேளுங்க, அது இருந்தா வண்டியை நிக்க வச்சதுக்கு ஹால்டிங் சார்ஜும் கேக்கலாம், டிரைவர் எத்தனை நேரமா முழிச்சிருக்கார்னும் தெரியும்.

கேபிஎஸ் சார் கேட்ட ரெண்டு டிரைவர் செலவுக்கு: ரிலே பத்தி யோசிங்க. ரிவிகோன்னு ஒரு கம்பெனி நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு டிரைவரை மாத்தி, ஓட்டுனவரை எதிர்ல வர்ற வண்டியில அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புற மாதிரி நடத்துனாங்க. 2022-ல மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் அவங்க பிசினஸை வாங்கிட்டாங்க, அதனால அது லாபமா நடக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா எட்டு வண்டி, நாப்பது வண்டி வச்சிருக்குறவங்க நாலஞ்சு பேர் சேந்தா ஹூப்ளி மாதிரி நடுவுல ஒரு எடத்துல ரூம் எடுத்து ஆளை மாத்தலாமே. நீங்க எல்லாரும் ஒரே லைன்ல தானே ஓட்றீங்க.

---

எட்டுவண்டி (நாமக்கல்)

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேங்க. பழைய டாரஸ் அண்ணா, நீங்க கேட்டதைப் போய் பாத்தேன். பிவண்டியில லோடுக்கு நின்னது 16 மணி நேரம். ஜிபிஎஸ்ல அது பச்சைக் கலர்ல "ரெஸ்ட்"ன்னே காட்டுது. அந்த டிரைவர் லோடுக்கு நின்ன அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுலேர்ந்து மீடியன்ல ஏறுன வரைக்கும் கணக்குப் போட்டா ரெண்டு நாள்ல மொத்தமா அஞ்சு மணி நேரம் கூட தூங்கியிருக்க மாட்டார். அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் சம்சாரம்தான் முதல்ல பேசுனாங்க, "மூணு மாசமா ராத்திரி போன் பண்ணி எங்கூட பேசிட்டே ஓட்டுறார், தூக்கம் வராம இருக்க"ன்னு. அது எனக்குத் தெரியாதுங்க.

கேபிஎஸ் பிரதர், உங்க கேமராவை வேண்டாம்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்னாடி இதெல்லாம் செய்யப் போறேன். ஷீட்ல ரெஸ்ட் எழுதுற கட்டத்தை எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா கேட்டுல நின்ன நேரம், தூங்குன நேரம்னு தனித்தனியா ரெண்டு, அதையும் டிரைவர் எழுத வேண்டாம், நிறுத்துனதும் ஒண்ணு கிளம்புறப்ப ஒண்ணு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும், ஆபீஸ்ல பொண்ணு எழுதிக்கும். ராத்திரி 12-லேர்ந்து 5 வரைக்கும் வண்டி ஓடக்கூடாது, அதனால லேட்டானா பேட்டா ஒரு நாள் சேத்து. பிவண்டிக்கு இனிமே நாலாவது நாள் சாயந்திரம்னுதான் பேசுவேன். மூணு பார்ட்டிகிட்ட பேசுனேன், ஒருத்தர் ஒத்துக்கிட்டார், ஒருத்தர் யோசிச்சு சொல்றேன்னார், ஒருத்தர் லோடை வேற வண்டிக்கு மாத்திட்டார். அது மாசம் நாலு லோடுங்க, வலிக்கத்தான் செய்யுது.

ஆறு மாச ஷீட்டை பத்து பேரையும் கூப்பிட்டு எதிர்ல வச்சு, இதுவரைக்கும் எழுதுனதுக்கு யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன், இன்னைலேர்ந்து நெஜத்தை மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். வக்கீல் சார், உங்களை நேர்ல வந்து பாக்கணும், நேரப் பதிவேடு எப்படி வச்சுக்கணும்னு கேக்கணும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு. ராத்திரி நிறுத்துன்னு சொல்லிட்டேன், எங்க நிறுத்துறதுன்னு டிரைவருங்க கேக்குறாங்க. டீசல் திருட்டு, தார்ப்பாய் கிழிச்சு சரக்கு எடுக்குறதுன்னு பயம் நியாயமானது. அண்ணா, நீங்க எப்படி நிறுத்துவீங்க?

---

பழைய டாரஸ்

ரோட்டோர ஒத்தை தாபா வேண்டாம் தம்பி, அங்க ஒரு வண்டி ரெண்டு வண்டிதான் நிக்கும். டோல் தாண்டுனதும் லைட்டு இருக்குற எடம், இல்லன்னா வழக்கமா டீசல் போடுற பெரிய பங்க், நம்ம பக்கத்து வண்டி பத்துப் பதினஞ்சு நிக்கிற எடமா பாத்து நிறுத்தச் சொல்லுங்க. டீசல் டேங்க் பக்கம் சுவரை ஒட்டியோ அடுத்த வண்டியை ஒட்டியோ இருக்கணும். பங்க்காரன்கிட்ட நீங்களே போன்ல பேசி மாசக் கணக்கா டீசல் அங்கயே போடுறேன்னு சொன்னா எடமும் குடுப்பான், குளிக்கத் தண்ணியும் குடுப்பான். நான் நிறுத்துன எடம் ஏழு இருக்கு, தும்கூர்லேர்ந்து கோலாப்பூர் வரைக்கும். நாளைக்கு ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்துப் போடுறேன். இதுல ரெண்டு இப்ப இருக்குதான்னு யாராச்சும் அந்த லைன்ல போறவங்க பாத்துச் சொல்லுங்க.